அக்கா பெயரில் பத்து மாதம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் ஓடிவிடும், புத்தி பின்னால் மெதுவாக நடந்து வரும். என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர்களைக் கேட்டால் இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். அதனால், பதுளையில் நான்கு பேராகக் கையெழுத்து வைத்து நாங்கள் வாடகைக்கு எடுத்த அந்த அனெக்ஸ் வீட்டைப் பற்றி எழுத உட்காரும்போது ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த வீட்டில் நடந்த பொய் என்னுடையது. அதை நேராக்கிய துணிச்சல் இன்னொருத்தியுடையது. அந்தத் துணிச்சல்காரியோடு ஒரே சமையலறையில் சோறு தின்றவள் என்ற பெருமை மட்டும் எனக்கு உண்டு.

முகக்கவசம் இன்னும் முழுதாகக் கழன்றிராத காலம் அது. பல்கலைக்கழக விடுதியில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை, வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டம். கூடவே அப்புத்தளைக்காரி ஒருத்தி. ஹாலிஎலக்காரி ஒருத்தி. ஹாலிஎல பதுளைக்குப் பக்கம்தானே என்று கேட்பீர்கள். டவுன் பக்கம்தான், அவளுடைய தோட்டம் டவுனிலிருந்து மலைக்கு மேல் மலை, பஸ் ஏறாத இடம். நான்காவது பெண் பசறைப் பக்கம். நான்கு பேரின் வீட்டிலும் அம்மாமார் கொழுந்து எடுக்கிறவர்கள்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தாதி. தாதியரை எல்லோரும் அழைப்பதுபோல நாங்களும் அவரை ‘மிஸ்’ என்றே அழைத்தோம். வீடு சரிவில் கட்டியது. மேலே தெருவோடு சேர்ந்த மாடியில் அவர், கீழே இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள பகுதியில் நாங்கள். எங்கள் வாசலில் புளிப்புக் காய் காய்க்கிற ஒரு அம்பரெல்லா மரம். மிஸ் மேலேயிருந்து எங்களைக் கூப்பிட்டால் அந்த மரத்தில் இருக்கிற குருவி எல்லாம் பறந்துவிடும், அப்படி ஒரு குரல். சிங்களப் பெண்மணி. ஆனால் வார்டில் தோட்டத்து நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே தமிழ் படித்தவர். அதனால் அவருடைய தமிழில் விசாரணையும் கட்டளையும்தான் அதிகம். எங்கே நோகுது, எத்தனை நாள், மருந்து குடிச்சதா.

கையெழுத்து வைத்த அன்று நாங்கள் எல்லோரும் முகக்கவசத்தோடு அவருடைய முன் அறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒப்பந்தம் சிங்களத்தில், மூன்று பக்கம். எனக்குச் சிங்களம் பேச வரும், பஸ்ஸில் சண்டை பிடிக்கிற அளவுக்கு நன்றாகவே வரும். வாசிக்கச் சொன்னால் முழிப்பேன். அப்புத்தளைக்காரி வேறு ரகம். பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் ஸ்டேஷன் பக்கத்துக் கடை ஒன்றில் வேலைக்கு நின்று, சாமான் சுற்றிக் கொடுக்கிற பழைய சிங்களப் பேப்பரை வாசித்து வாசித்தே அந்த மொழியைப் பிடித்தவள். எதையும் வாசிக்காமல் தொடமாட்டாள். சவர்க்காரம் வாங்கினால்கூட உறையை வாசித்துவிட்டுத்தான் பிரிப்பாள்.

அவள் அந்த மூன்று பக்கத்தையும் வரி வரியாக வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள். பிளேன்டீ ஆறிப் போனது. சாட்சிக்கு வந்த அடுத்த வீட்டுக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் மேசைக்கு அடியில் அவளுடைய தொடையைக் கிள்ளினேன். அவள் அசையவில்லை. ஏழாவது நிபந்தனைக்கு வந்ததும் நிறுத்தினாள். நான்கு பேரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று அதில் இருந்தது. பெயர் எழுதப்பட்ட நால்வரைத் தவிர வேறு யாரும் குடியிருக்கக் கூடாது என்றும் இருந்தது.

“மிஸ், ஒருத்தி தப்பு செஞ்சா நாலு பேரும் போகணுமா?” என்று கேட்டாள்.

“ஆமா. நாலு பேரும் ஒரு ஆள் மாதிரி.”

“அப்ப ஒருத்தி ஒழுங்கா இருந்தா, அதுவும் நாலு பேருக்கும் சேருமாங்க?”

முகக்கவசத்துக்குள்ளே மிஸ் சிரித்தது கண்ணில் தெரிந்தது. “அது எழுதலையே புள்ள,” என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் அவளை லோயரம்மா என்று கேலி செய்யத் தொடங்கினோம். அவளுக்கு அதில் ஒரு கோபமும் இல்லை. நாங்கள் கையெழுத்து வைத்து முடித்ததும் மிஸ் ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, வார்டில் புதிதாக வந்து படுத்தவர்களிடம் கேட்பதுபோல ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். பெயர், என்ன நோய் இருக்கிறது, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும். எனக்கு மூச்சிழுப்பு என்று எழுதினார். பசறைக்காரிக்கு ஒன்றும் இல்லை என்று எழுதினார். மறுநாளே மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கண்டிக்குப் போய்விட்டார், ஒரு மாதம் வரவில்லை.

அந்த ஒரு மாதத்துக்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பசறைக்காரியின் அப்பா மலையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவள் படிப்பை நிறுத்தி வைத்துவிட்டு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போக முடிவு செய்தாள். பெட்டியைக் கட்டும்போது அவள் அழவில்லை. அவளுடைய கட்டிலைப் பார்த்துக்கொண்டு நாங்கள்தான் அழுதோம்.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். ஒரு வயதுதான் வித்தியாசம், கண்ணும் நெற்றியும் அச்சாக அக்காதான். பதுளை டவுனில் ஒரு கல்லூரியில் கட்டடப் படம் வரைகிற பாடநெறி படித்துக்கொண்டு தினமும் பசறைப் பக்கத்திலிருந்து வந்து போனாள். அது பெட்ரோல் வரிசைக் காலம். பஸ் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு வந்தாலே பெரிய காரியம். இப்படியே போனால் படிப்பை நிறுத்திவிட்டு அக்காவோடு கொழும்புக்குப் போ என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு உடனே யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது, அது எங்கள் ரத்தத்தில் இருக்கிற பழக்கம். நாங்கள் குடியிருக்கிற லயக்காம்பரா, அந்த வரிசை வீட்டு அறை, தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் யாராவது ஒருவருடைய பெயர் செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் இருந்தால் அந்தப் பெயருக்குக் கீழேதான் குடும்பம் முழுக்கக் குடியிருக்கும். பெயர் உள்ளவருக்கு முடியாவிட்டால், அவருடைய பெயரில் தங்கச்சியோ மகளோ காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய் நிற்பாள். கங்காணிக்கும் தெரியும், கிளாக்கருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கமாட்டார்கள். என் அம்மா கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் பெரியம்மாவின் பெயரில் கொழுந்து எடுத்தவர். அந்த ஆறு வருட உழைப்பும் இன்றைக்கும் பெரியம்மா பெயரில்தான் இருக்கிறது. அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், நாங்களும் சிரிப்போம்.

“அக்கா போனா தங்கச்சி வாறா. அதே பேரு, அதே கட்டிலு. கொழுந்து மலையில நடக்காததா?” என்றேன்.

“இது கொழுந்து மலை இல்ல புள்ள. இதுல நம்ம கையெழுத்து இருக்கு,” என்றாள் அப்புத்தளைக்காரி. “மிஸ்ஸுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிறலாம். ரெண்டு நிமிஷ வேல.”

“சொல்லி, அவங்க முடியாதுன்னுட்டா? மூணு பேரும் மூட்டையக் கட்டிக்கிட்டு எங்க போறது? ஒன் சட்டத்தத் தூக்கி அடுப்புல போடு.”

ஹாலிஎலக்காரி என் பக்கம் சேர்ந்தாள். அவள் யார் கடைசியாகக் கத்துகிறார்களோ அவர்கள் பக்கம் சேருகிறவள், ஆனால் கத்தரிக்காய் சமைத்தால் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். அப்புத்தளைக்காரி எழுந்துபோய்த் துணி துவைக்கத் தொடங்கினாள். அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்படித்தான் தங்கச்சி அக்காவின் பெயரில் எங்களோடு குடிவந்தாள். கண்டியிலிருந்து வந்த மிஸ், கையெழுத்து வைத்த அன்று முகக்கவசத்துக்கு மேலே பார்த்த அதே கண்ணைப் பார்த்தார். “மெலிஞ்சு போச்சே, சாப்பிடுறது இல்லையா?” என்று கேட்டுவிட்டு அன்று மாலை பிட்டு அனுப்பினார். அவ்வளவுதான் சோதனை. நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு வாரம் திமிராகத் திரிந்தேன்.

எங்கள் எல்லோரிலும் மிஸ்ஸுக்குத் தங்கச்சியைத்தான் அதிகம் பிடித்தது. பேசமாட்டாள், கூப்பிட்டவுடன் ஓடுவாள். மேலேயிருந்து அக்காவின் பெயரைச் சொல்லி ஒரு குரல் வந்தால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் படியேறிவிடுவாள். அம்பரெல்லா பறித்துக் கொடுப்பாள், மிஸ்ஸின் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். அவள் தரையில் குனிந்து படம் வரைவதைப் பார்த்து, தன் மகள் படித்த மேசையைக் கீழே இறக்கிக் கொடுத்தார் மிஸ். அவள் அதை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு வீடு வீடாக வரைந்தாள். படி, ஜன்னல், கூரை, தண்ணீர்த் தொட்டி. லயத்தில் பிறந்த பிள்ளை ஆறு அறை உள்ள வீட்டை ஒரு கோடு பிசகாமல் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒவ்வொரு தாளின் வலதுபக்க மூலையிலும் ஒரு பெட்டி உண்டு. வரைந்தவரின் பெயர் எழுதுகிற பெட்டி. கல்லூரியில் அவள் சொந்தப் பெயரில்தானே படித்தாள். அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்த மூலையில் ஒரு துண்டு டேப் ஒட்டி மறைத்துவிடுவாள். அது ஏன் என்று மிஸ் ஒருநாள் கேட்டதற்கு, “அழுக்குப் பட்டுருச்சு மிஸ்,” என்றாள். நான் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கினேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காக என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆறாவது மாதம் அவளுக்குத் தொண்டை வீங்கிக் கடுமையான காய்ச்சல் வந்தது. மிஸ் தானே திரீவீல் பிடித்து டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். கையில் அந்தச் சின்னக் கொப்பியும் போனது. சிறிய கடதாசி உறையில் மாத்திரையோடு திரும்பி வந்தார்கள். குடித்தாயா என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் குடித்தேன் என்றாள். காய்ச்சல் விடவில்லை. ஐந்து நாள் நான் கொத்தமல்லி அவித்து அவித்துக் கொடுத்தேன். “மருந்துக்குக் கேட்கலையே, ஏன்?” என்று மிஸ் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் குழம்பினார். ஆறாம் நாள் தானாகவே இறங்கியது, நாங்களும் மறந்துவிட்டோம்.

வருடம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது மிஸ் படியில் நின்று சொன்னார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதோடு பொலிஸில் குடியிருப்பவர்களின் விபரம் கேட்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நால்வரும் அடையாள அட்டையோடு மேலே வாருங்கள். அட்டையில் தங்கச்சியின் சொந்தப் பெயர்தானே இருக்கும். தங்கச்சிக்கு அடுத்த மாதம் கடைசிப் பரீட்சை. இந்த வீடு இல்லாவிட்டால் வகுப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை, நேரே கொழும்புதான். அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நான் வழக்கம்போல முதலில் வாயைத் திறந்தேன். அக்காவை ஒருநாள் லீவு போட்டு வரச் சொல்லுவோம், அவள் வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போகட்டும், தங்கச்சி அந்த நேரம் பஸ் ஸ்டாண்டில் இருக்கட்டும். ஹாலிஎலக்காரி தலையாட்டினாள்.

“இன்னும் ஒரு வருஷத்துக்கா?” என்றாள் அப்புத்தளைக்காரி. “இந்தப் புள்ள இன்னும் ஒரு வருஷம் இன்னொருத்தியா இருக்கணுமா?”

“பரீட்ச முடியிற மட்டுமாச்சும் இருக்கட்டுமே. ஒனக்கு என்னா நட்டம்? பெரிய நீதிபதி மாதிரி பேசுற.”

அதற்கு மேலும் நிறையச் சொன்னேன். கடைக்காரன் பேப்பர் வாசித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு என்றுகூடச் சொன்னேன். நாங்கள் சண்டை போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால், தங்கச்சி தன் சாமானைக் கட்டிக்கொண்டிருந்தாள். உடுப்பெல்லாம் பைக்குள் போய்விட்டது. படம் வரைகிற பலகைதான் எந்தப் பைக்கும் அடங்கவில்லை. அதை ஒரு பழைய சாரத்தில் சுற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னால அக்காமாருக்கெல்லாம் வீடு போக வேணாம். நான் காலையில போறேன்,” என்றாள்.

அப்புத்தளைக்காரி அவளிடம் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். பலகையை எடுத்து மறுபடி மேசையில் வைத்தாள். “ஞாயித்துக்கெழம வரைக்கும் படி,” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மேலே போனோம். மேசையில் புதிய ஒப்பந்தம், பொலிஸ் படிவம், பேனா, ஐந்து கோப்பை பிளேன்டீ. சாட்சிகள் பதினொரு மணிக்கு வருவார்களாம். “ஐடி எல்லாம் எடுங்க,” என்றார் மிஸ்.

அப்புத்தளைக்காரி எழுந்து நின்றாள். பழைய ஒப்பந்தத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். சிங்களத்தில் சொன்னாள். இங்கே இருப்பது சென்ற வருடம் கையெழுத்து வைத்தவள் இல்லை, அவளுடைய தங்கை. பத்து மாதமாக மறைத்துவிட்டோம். ஒப்பந்தத்தை முழுக்க வாசித்தவள் நான்தான், அதனால் தெரிந்தே செய்தவளும் நான்தான். காரணம் சொல்லவில்லை, பஸ்ஸைச் சொல்லவில்லை, பெட்ரோலைச் சொல்லவில்லை. யோசனை யாருடையது என்பதையும் சொல்லவில்லை. அந்த வசனம் வரும் வரும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். வரவே இல்லை.

மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தங்கச்சியையே பார்த்தார்.

“அந்த டேப்,” என்றார். பிறகு, “அப்ப நீ யாரு?”

தங்கச்சி தன் பெயரைச் சொன்னாள். சத்தம் வெளியே வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

மிஸ்ஸுக்கு வந்த கோபம் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. வீட்டைப் பற்றி, சட்டத்தைப் பற்றி, நன்றியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “நான் டொக்டர்கிட்ட என்ன பேர் சொன்னது? ஒரு மருந்தும் ஒத்துக்காதது இல்லன்னு சொன்னது! கொப்பியப் பார்த்துச் சொன்னது! வார்டுல பேர் மாறினா என்ன நடக்கும் தெரியுமா? ஆள் செத்துப் போகும்!” தங்கச்சியின் பக்கம் திரும்பினார். “ஒனக்கு ஏதும் நடந்திருந்தா?”

தங்கச்சி கீழே ஓடினாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். தன் பென்சில் பெட்டியோடு திரும்பி வந்து, அதற்குள்ளிருந்து ஒரு கடதாசி உறையை எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரைகள். ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.

“நான் குடிக்கல மிஸ். சின்னதுல தோட்டத்து டிஸ்பென்சரியில இதே மருந்து குடுத்து மூஞ்சி வீங்கி மூச்சு நின்னு போச்சு. கொழுந்து லொறியிலதான் பதுள ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தாங்களாம். அக்காவுக்கு அது இல்ல, எனக்குத்தான். டொக்டர் மருந்தோட பேரச் சொன்னப்ப வெளங்கிருச்சு. வாயத் தொறந்தா மாட்டிக்குவோம், அக்காமாருக்கு வீடு போயிரும்னு பயமா இருந்திச்சு.”

ஐந்து நாள். என் கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு, எங்களுக்கு வீடு போய்விடக் கூடாது என்று அந்தப் பிள்ளை காய்ச்சலோடு படுத்திருந்திருக்கிறாள். பெயர் என்பது ஒண்டிக்கொள்ள ஒரு கூரை, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று நினைத்தவள் நான். என் அம்மாவின் ஆறு வருடத்தைக் கேட்டுச் சிரித்தவளும் நான். அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது.

மிஸ் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு களைத்துப்போன குரலில், “மூணு பேரும் கையெழுத்து வைங்க. இந்தப் புள்ள அதுக அம்மாகிட்டப் போகட்டும். எனக்குப் பயம்,” என்றார்.

அப்புத்தளைக்காரி பழைய ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதை விரித்து ஏழாவது நிபந்தனையில் விரலை வைத்தாள். இந்தத் தடவை தமிழில் பேசினாள்.

“மிஸ், கூட்டாவும் தனித்தனியாவும்னு இதுல இருக்கு. ஒருத்தி தப்பு செஞ்சா எல்லாரும் போகணும்னு நீங்கதான் அன்னைக்குச் சொன்னீங்க. சரிங்க. ஆனா இதுல கையெழுத்து வச்சவங்கதானே போகணும்? இந்தப் புள்ள வைக்கவே இல்ல. வச்சது நாங்க. ஒப்பந்தத்த ஒடைச்சதும் நாங்கதான். நாங்க மூணு பேரும் போறோம். அவளுக்கு அடுத்த மாசம் பரீட்ச. அதுவரைக்கும் அவள மட்டும் இருக்க விடுங்க.”

என்னிடமோ ஹாலிஎலக்காரியிடமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள். எங்கள் பரீட்சையும் பக்கத்தில்தான் இருந்தது. வேறு நாளாக இருந்தால் அவளைக் கடித்துக் குதறியிருப்பேன். அன்று வாய் ஓடியது, நல்ல வேளையாகப் புத்தியும் கூடவே ஓடி வந்தது.

“ஆமாங்க மிஸ், நாங்க போறோம். பொய் என்னோடது. இவ அன்னைக்கே ஒங்களுக்குக் கோல் எடுக்கச் சொன்னா, நான்தான் விடல.”

“நானும் போறேன்,” என்று ஹாலிஎலக்காரி அழத் தொடங்கினாள்.

மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வார்டில் நிற்பது போலிருந்தது. “நீ இழுப்புக்காரி. பம்ப் இருக்கா, முடிஞ்சு போச்சா?” என்றார். இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

சின்னக் கொப்பியோடு வந்தார். அக்காவின் பக்கத்தை எடுத்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். புதிய பக்கத்தைத் திருப்பினார். “பேர் சொல்லு. முழுப்பேர்,” என்றார். தங்கச்சி சொல்லச் சொல்ல எழுதினார். நோய், வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளாத மருந்து என்ற இடத்தில் அதன் பெயரை எழுதி, உள்ளே போய் ஒரு சிவப்புப் பேனா கொண்டுவந்து இரண்டு தடவை அடிக்கோடு போட்டார்.

பதினொரு மணிக்குச் சாட்சிகள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். “இன்னைக்கு இல்ல,” என்று மிஸ் அவர்களிடம் சிங்களத்தில் சொன்னார். “புதன்கிழமை வாங்க. திரும்ப டைப் பண்ணணும். நாலு பேர்ல ஒரு பேர மாத்தணும்.”

ஆறிப்போன பிளேன்டீயைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கினோம். படியிலேயே நான் அப்புத்தளைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன், கடைக்காரன் பேப்பருக்கும் சேர்த்து. “நானும்தானே பத்து மாசம் சும்மா இருந்தேன்,” என்றாள். அந்தப் பத்து மாதமும் அவள் மிஸ்ஸின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைவிட அதிகம் சுமந்தவள் அவள். இன்றைக்கு நான் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், நிறையப் பேருடைய துணிச்சலைப் பார்த்துவிட்டேன். எழுந்து நின்று, அடுத்தவளின் பெயரைச் சொல்லாமல் குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்ட அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் வைக்க இன்னும் ஒருவரும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை தங்கச்சி தன் பெயரில் கையெழுத்து வைத்தாள். அவளுடைய வீட்டில் அக்காவைத் தவிர யாரும் குடியிருக்கிற வீட்டுக்காக ஒரு தாளில் பெயர் எழுதியதே கிடையாது. சிங்களத்தில் டைப் செய்திருந்த வரியைக் காட்டி, “இதுதானாக்கா என் பேரு?” என்று கேட்டாள். அப்புத்தளைக்காரி ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வாசித்துக் காட்டினாள்.

அதற்கு அடுத்த நாள் மாலை, நாங்கள் நால்வரும் கீழே இருந்தோம். தங்கச்சி ஜன்னலோரம் பரீட்சைக்கு வரைந்துகொண்டிருந்தாள். மூலையில் டேப் இல்லை. மேலேயிருந்து மிஸ்ஸின் குரல் வந்தது. அம்பரெல்லாக் குருவிகள் பறந்தன. மிஸ் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அக்காவின் பெயர் இல்லை. தங்கச்சி நிமிரவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். அவள் அளவுகோலை நகர்த்தி அடுத்த கோட்டைப் போட்டாள்.

“அடியே, ஒன்னத்தான்,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அப்புத்தளைக்காரியைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள். மூன்றாவது தடவை அந்தப் பெயர் மேலேயிருந்து முழுதாக, சத்தமாக வந்தது. பென்சில் கையை விட்டு உருண்டு விழுந்தது. “இந்தா வாறேன் மிஸ்!” என்று கத்திக்கொண்டு அவள் படியேறி ஓடினாள்.